கிட்டாருக்குள் இருந்த விசிட்டிங் கார்டு

என் கணவருக்கு நாற்பத்தாறு வயதில் சங்கீதம் வந்தது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு முதுகுவலி வரும். இவருக்கு மூன்றுமே வந்தன. மற்ற இரண்டுக்கும் மாத்திரை உண்டு.

அவர் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியில் ஒரு வாரம் முழுக்க மனநலத்தைப் பற்றி வகுப்பெடுத்தார்களாம். ஆளுக்கொரு பொழுதுபோக்கு வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுடைய மனநலத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை போலிருக்கிறது. அந்தச் சனிக்கிழமையே கிட்டார் வந்து இறங்கியது.

இரண்டு வருடத்தில் அவர் மூன்று இடங்களில் விரல் வைக்கக் கற்றுக்கொண்டார். எந்தப் பாட்டாக இருந்தாலும் அந்த மூன்று இடங்களுக்குள் அடங்கியாக வேண்டும். அடங்காத பாட்டைக் கஷ்டமான பாட்டு என்று சொல்லாமல், சுமாரான பாட்டு என்று சொல்லிவிடுவார். நாங்கள் இருப்பது புனேயின் லோஹேகாவில், விமான நிலையத்துக்குப் பின்பக்கம். போர் விமானங்கள் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், கட்டடத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் மட்டும் அடுத்தது எப்போது கிளம்பும் என்று காத்திருப்பேன்.

கடைசியில் இந்த ஜனவரியில், வீட்டுக்குள் வாசிக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். அவர் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே அவரைப் போலவே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட மூன்று பேர் கிடைத்தார்கள். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அதிகாரிதான் தலைவர், பாடுவதும் அவர்தான். மே மாதம் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் ஆண்டுவிழா. அதில் இந்த நான்கு பேரும் மேடையேறுவதாக முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டேன். அந்த நான்கு பேர்தான்.

இவ்வளவு கிண்டல் செய்கிறேனே, நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே சாக்கனில் கார் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். விரிசல்தான் என் பிழைப்பு. ஒரு பாகத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் வந்தால், செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏன் என்று கேட்பேன். அவர் ஒரு காரணம் சொல்வார். அது ஏன் என்பேன். இப்படி ஐந்து முறை கேட்டால் உண்மை வந்துவிடும் என்பது எங்கள் துறையின் நம்பிக்கை. நான்காவது முறையிலேயே சிலர் அழுதிருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஏப்ரலில் அவர் இரண்டு வார வேலையாக ஜெர்மனிக்குக் கிளம்பினார். கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை மாலை, டாக்சி கீழே வந்து ஹாரன் அடிக்கும்வரை மாடியில் ஒத்திகை. அப்படியே ஓடினார். விமான நிலையத்திலிருந்து செய்தி அனுப்பினார்: “கிட்டார் மாடிப்படி முகப்பில இருக்குது. எடுத்துக் கீழ வெச்சிரும்மா. யாரையும் தொட விடாத.” நான் கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு மறந்துபோனேன்.

மறுநாள் நான் லீவு போட்டிருந்தேன், வடகம் பிழிவதற்கு. வடகம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் கடை வடகத்தைப் படமெடுத்துப் போட முடியாது. புனே தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் முழுக்க வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாக வடகப் படங்கள். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பழைய வேட்டியை விரித்து, மூன்று மூலைக்கு மூன்று கனமான சாமான் வைத்தேன். பிழிந்து முடிக்கிற நேரத்தில் காற்று எழுந்தது. நான்காவது மூலை கிளம்பி வடகத்தின் மேல் மடங்கப் பார்த்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். படி முகப்பில் கறுப்புப் பையில் கிட்டார் சாய்ந்து நின்றது. அளவும் சரி, எடையும் சரி. வாங்கிய நாளிலிருந்து அது உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டே மூலையில் படுக்க வைத்தேன். பத்து நிமிடத்துக்குத்தான், கீழே போய் அம்மிக்கல்லை எடுத்து வருகிற வரைக்கும்தான்.

கீழே வந்தபோது தொழிற்சாலையிலிருந்து போன். அனுப்பிய சரக்கில் விரிசல், வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருக்கிறார், உடனே வரவேண்டும். போனவள் திரும்ப இருட்டிவிட்டது. அடுத்த நாளும் அதே கதை. இரண்டு நாளும் புனேயின் ஏப்ரல் வெயில், கறுப்புப் பை, சூடேறிய சிமென்ட் தரை. புதன்கிழமை காலையில் வடகத்தை எடுக்கப் போனேன். வடகம் கலகலவென்று அருமையாகக் காய்ந்திருந்தது. பையைத் திறந்து பார்த்தேன். கிட்டாரும் காய்ந்திருந்தது. கம்பிகளைக் கட்டியிருக்கும் பட்டையிலிருந்து அடி விளிம்புவரை முன்பலகையில் ஒரே நேர்கோடாக விரிசல். ஊசி நுழையும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம். ஒரு இரண்டு விநாடி, மனசுக்குள் கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது விநாடியில் பயம் வந்தது. நான்காவது விநாடியில் வந்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. யார் மேல் போடலாம் என்று யோசித்தேன். மாடியைப் பெருக்க வருகிறவர், தண்ணீர்த் தொட்டி பார்க்க வருகிறவர், எங்கள் வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் என்று மூன்று பேர் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றார்கள். தரக்கட்டுப்பாட்டில் இருபது வருடம் இருந்தவளுக்கு ஒன்றுகூட ஒட்டவில்லை. மூன்று பேருக்கும் வடகம் பிழியத் தெரியாது.

அவர் வருவதற்குள் சரிசெய்துவிடுவது, வாயைத் திறக்காமல் இருப்பது என்று முடிவெடுத்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்து அழுத அத்தனை பேரும் எடுத்த அதே முடிவு.

நகரத்துக்குள் கேம்ப் பகுதியில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வாத்தியங்கள் பழுது பார்க்கும் கடை ஒன்று இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அடுத்த நாள் ஆட்டோவில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் குத்திய பச்சை, காதில் கடுக்கன். நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் தயாரித்து வைத்திருந்த பொய்யைச் சொல்ல ஆரம்பித்ததும், பாதியில் நிறுத்தி, “நீங்க தமிழா மேடம்?” என்றார். மூன்று தலைமுறைக்கு முன்னால் வேலூர்ப் பக்கத்திலிருந்து கேம்ப்புக்கு வந்த குடும்பமாம். வேலூர்த் தமிழும் கேம்ப் ஹிந்தியும் அவர் வாயில் ஒரே பானையில் வெந்திருந்தன.

“கை தவறி விழுந்திருச்சுங்க” என்றேன்.

விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார். கிட்டாரை முகர்ந்துகூடப் பார்த்தார்.

“நை மேடம். வுழுந்து ஒடஞ்சா இப்டி சீதாவா, நேரா ஒடையாது. இது காஞ்சு வெடிச்சது. தூப்ல வெச்சீங்களா?”

“வெயில்லயா? இல்லீங்களே.”

“எவ்ளோ நேரம் தூப்ல இருந்துச்சு?”

“இல்லைன்னு சொல்றனுங்க.”

“சொல்லுங்க மேடம், எவ்ளோ நேரம்?”

“ரெண்டு நாள்” என்றேன். ஐந்து முறைகூட அவருக்குத் தேவைப்படவில்லை.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். மரத்தில் இருந்த ஈரம் போய்விட்டது, அதனால் பலகை சுருங்கி நடுவில் பிளந்திருக்கிறது. இப்போதே பசை போட்டு ஒட்டினால் மழைக்காலத்தில் மரம் ஊறி, பக்கத்திலேயே வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். முதலில் போன ஈரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சோப்பு டப்பாவில் துளை போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த பஞ்சு வைத்து, அதைக் கிட்டாரின் வட்டத் துளைக்குள் தொங்கவிட்டு, பையை மூடி வைக்க வேண்டும். தினமும் பஞ்சை நனைக்க வேண்டும். ஒரு வாரத்தில் விரிசல் தானாக நெருங்கி வரும்.

“அப்றம் இட்டாங்க, ஒட்டலாம். ஜல்தி பண்ணீங்கனா வேல கெட்டுடும்.”

அந்த ஒரு வாரம் நான் கிட்டாருக்குத் தண்ணீர் காட்டினேன். தொழிற்சாலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் பஞ்சை நனைப்பேன். என் மகள் ஹாஸ்டலில் காய்ச்சலாகப் படுத்திருந்தபோதுகூட இப்படி நேரம் தவறாமல் விசாரித்ததில்லை. நாலாம் நாள் விரிசலில் ஊசி நுழையவில்லை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் வருத்தம்.

ஐந்தாம் நாள் மாடி இசைக்குழுவின் தலைவர் வந்து மணி அடித்தார். ஊரிலிருந்து அவருடைய மருமகன் வந்திருக்கிறாராம், கிட்டார் நன்றாக வாசிப்பாராம், ஒரு மணி நேரம் கொடுத்தால் போதுமாம். “பாபிஜி, எங்க நண்பரோட கிட்டார் எங்களுக்கும் சொந்தம்தானே” என்று என்னை அண்ணியாக்கி ஹிந்தியில் சிரித்தார். சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் நெகிழ்ந்துபோய்விட்டார். கணவனின் கலையை இப்படி மதிக்கும் மனைவியைத் தம் பணிக்காலத்தில் எந்த விமானத் தளத்திலும் கண்டதில்லை என்று ஜெர்மனிக்குச் செய்தி அனுப்பிவிட்டார்.

அரை மணியில் அங்கிருந்து போன் வந்தது.

“சர்வீசா? எதுக்கு சர்வீசு? நல்லாத்தான இருந்துச்சு.”

“சும்மாதானுங்க. தூசி தட்டறதுக்கு.”

“உள்ளயெல்லாம் பாப்பாங்களா?”

“எதுக்குங்க கேக்கறீங்க?”

“இல்ல, சும்மா கேட்டேன். உள்ளயெல்லாம் நோண்ட வேண்டாம்னு சொல்லு. டோன் கெட்டுரும்.”

அந்த டோனுக்கு இதற்குமேல் என்ன கெடுதல் வரும் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். கிட்டார் மேல் மனுஷனுக்கு எவ்வளவு பாசம் என்று ஒரு நிமிடம் மனசு இளகக்கூடச் செய்தது.

வாரம் முடிந்து கேம்ப்புக்குப் போனேன். கடைக்காரர் விரிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “மஸ்த் மேடம். நல்லா தண்ணி குடுத்துகிறீங்க” என்றார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இவ்வளவு பூரிப்பு வந்ததில்லை. கம்பிகளைக் கழற்றினார். பசையைச் சூடாக்கினார். விரிசலின் மேல் பசையைத் தடவி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி உள்ளே இறக்கினார். அடுத்து, விரிசலுக்குக் குறுக்காக உள்பக்கத்தில் சின்னச் சின்ன மரச்சில்லுகளை ஒட்ட வேண்டும், மறுபடி பிளக்காமல் அவைதான் பிடித்துக்கொள்ளும் என்றார். தன் கையைத் துளைக்குள் விட்டார். பச்சை குத்திய அந்தப் பெரிய கை மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. வழக்கமாகச் செய்துகொடுக்கும் அவர் மனைவி அன்று ஊரில் இல்லை.

“உங்க கை சோட்டா மேடம். நீங்க வுடுங்க.”

வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டேன். சில்லு ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் காந்தம். நான் உள்ளே சரியான இடத்துக்குக் கொண்டுபோனதும் அவர் வெளியே இன்னொரு காந்தத்தை வைப்பார். டக் என்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐந்து சில்லு. நான்காவதை வைத்துவிட்டுக் கையை இழுக்கும்போது பக்கவாட்டுப் பலகையில் விரல் எதிலோ தட்டியது. மரமில்லை. காகிதத்தின் ஓரம் மாதிரி இருந்தது. சொன்னேன். அவர் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“மேடம், இது முன்னாடியே ஒருவாட்டி ஒடஞ்சிகீது. யாரோ விசிட்டிங் கார்டை வெட்டி வெச்சு ஃபெவிகுவிக்ல ஒட்டிகிறான். இன்னா பாகல் பசங்க, லூசுங்க இருக்காங்க பாருங்க.”

கண்ணாடியை வாங்கி நான் பார்த்தேன். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. ஆனால் அந்த நீலக் கோட்டையும் அந்தப் பதவியையும் எனக்கு நன்றாகத் தெரியும். பதவி உயர்வு வந்தபோது அந்தக் கார்டை எங்கள் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம்.

இங்கேதான் நான் டிசம்பர் மாதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்போது எங்கள் வீட்டில் ஆறு வருடமாக ஒரு அம்மாள் வேலை செய்துகொண்டிருந்தார். எல்லோரும் மாவ்ஷி என்று கூப்பிடுவோம். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டே தனி டம்ளர் வைப்பதில் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் எந்தச் சிரமமும் இருந்ததில்லை, என்னையும் சேர்த்து. டிசம்பரில் ஒருநாள் கிட்டாரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் முளைத்திருந்தது. என்ன என்று கேட்டேன். “மாவ்ஷி வீடு தொடைக்கும்போது மாப்புக் கட்டையால இடிச்சிட்டாங்க போல. கீறல் விழுந்திருச்சு. அதான் மறைச்சிருக்கேன். போகட்டும் விடு” என்றார் என் கணவர். பெருந்தன்மையாகச் சொன்னார்.

நான் விடவில்லை. அந்த அம்மாளைச் சமையலறை வாசலில் நிறுத்தி, ஏன் இடித்தது, ஏன் கவனிக்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்று என் தொழிலைக் காட்டினேன். நான் இடிக்கவில்லை என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம் மீதிப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வரவில்லை. அந்தத் திமிரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: பொருளை உடைக்கிறார், கேட்டால் உண்மை சொல்வதில்லை, வேலைக்கு வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு இரண்டு வீட்டிலும் அவரை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய செய்தி வந்தபோது, பொறுப்பாக நடந்துகொண்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரரிடம் கேட்டு ஸ்டிக்கரை உரித்தோம். கீழே கீறல் இல்லை, பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எங்கள் மாப்புக் கட்டை நீல பிளாஸ்டிக். எங்கள் பால்கனிக் கம்பி பச்சை. இதைக் கண்டுபிடிக்க யாரும் சாக்கனில் இருபது வருடம் வேலை பார்த்திருக்கத் தேவையில்லை. டிசம்பரில் ஒரே ஒரு முறை நான் அந்த ஸ்டிக்கரைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். தொழிற்சாலையில் எந்த ஆதாரத்தையும் கையால் தொடாமல் கையெழுத்துப் போடமாட்டேன். வீட்டில் கணவர் சொன்னார் என்று போட்டுவிட்டேன்.

“மேடம், இத்தையும் ஒழுங்கா ஒட்டிடலாமா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ஒட்டலாங்க. அந்தக் கார்டை மட்டும் கிழியாம எடுத்துக் குடுங்க” என்றேன்.

சனிக்கிழமை காலை விமானத்தில் கணவர் வந்தார். காபி கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் கிட்டாரைப் படுக்க வைத்து, எதிரே உட்கார்ந்து, என் குற்றத்தை முதலில் நானே சொன்னேன். வடகம், காற்று, நான்காவது மூலை, இரண்டு நாள் வெயில், எதையும் விடவில்லை. அவர் முகம் சிவந்தது. காபியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினார். பொறுப்பு என்றால் என்ன, நம்பி ஒரு பொருளை ஒப்படைப்பது என்றால் என்ன, தவறு செய்தவர் உடனே ஒத்துக்கொள்ளாமல் மூடி மறைப்பது எவ்வளவு கேவலம் என்று வரிசையாகச் சொன்னார். அலுவலகத்தில் அவர் எப்படிப் பேசுவார் என்று அன்றுதான் முழுதாகக் கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறார். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முடியும்வரை காத்திருந்தேன்.

பிறகு கார்டை மேஜையில் வைத்தேன். பசை காய்ந்து பழுப்பாக, ஓரம் வெட்டிய கார்டு.

“இது என்னங்க?”

குனிந்து பார்த்தார்.

“யாருதுங்க இது?”

“என்னுதாட்டத்தான் இருக்குது.”

“உள்ள எப்படிங்க போச்சு?”

கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “புறா” என்றார்.

பால்கனியில் புறாக்கள் கூடு கட்ட வந்துகொண்டே இருந்தன. அன்று ஏதோ பாட்டு வரவில்லை என்ற எரிச்சலில் இருந்திருக்கிறார். துரத்தத் துரத்தத் திரும்பி வந்த ஒரு புறாவைப் பார்த்து, கையில் இருந்ததைப் பிடித்தபடியே ஓங்கி வீசியிருக்கிறார். கையில் இருந்தது கிட்டார். புறா பறந்துவிட்டது. பால்கனிக் கம்பி நகரவில்லை. எங்கள் கட்டடத்தில் புறாவுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், அவையும் உயிர்தானே என்று கூட்டத்தில் பேசியவர் இவர். புறாவை அடிக்கப்போய் உடைந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். அதனால் மாவ்ஷி என்று வாயில் வந்துவிட்டதாம்.

“நீ அவங்களக் கூப்பிட்டுக் கேப்பேன்னு நான் நினைக்கலம்மா.”

“கேட்டப்புறம் சொல்லியிருக்கலாமல்லங்க?”

“அதுக்குள்ள நீ குரூப்ல போட்டுட்டே.”

காபி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மாவ்ஷி இப்போது சாலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். அன்று மத்தியானமே இருவரும் போனோம். குழந்தைகள் தூங்கும் நேரம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்னச் சின்னச் சாக்ஸ்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. ஆறு வருடத்தில் எங்கள் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கணவர் தனக்குத் தெரிந்த மராத்தியில் ஆரம்பித்தார். மன்னிப்பு என்ற வார்த்தைக்கு வருவதற்குள் மூன்று முறை சுற்றி வந்தார். மாவ்ஷி சாக்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, “தெரியும். நான் பார்த்தேன்” என்றார்.

“என்ன பார்த்தீங்க?” என்று கேட்டேன்.

“ஸாஹேப் புறாவை அடிச்சதை. நான் அப்போ பக்கத்து பிளாட் பால்கனியில துணி காயப் போட்டுட்டிருந்தேன், வஹினி.” வஹினி என்றால் அண்ணி.

“அப்பவே ஏன் சொல்லலை?”

கேட்ட பிறகுதான் அதுவும் ஒரு ‘ஏன்’ என்று உறைத்தது.

“நீங்க ஏன் இடிச்சே, ஏன் சொல்லலேன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. யார் உடைச்சாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? நான் ஸாஹேப் பேரைச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

நம்பியிருக்கமாட்டேன். பொய்யும் சொல்கிறாள் என்று சேர்த்து எழுதியிருப்பேன்.

திரும்ப வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டோம். அவர் சாக்ஸைப் பார்த்து லேசாகச் சிரித்தார். இங்கே உட்கார நாற்காலி இருக்கிறது, குழந்தைகள் யாரும் தன்னைச் சந்தேகப்படுவதில்லை என்றார். எங்கள் மன்னிப்பையும் அவர் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. “எங்கிட்டத் தனியா வந்து சொல்றீங்க. அன்னைக்கு எல்லாருக்கும்தானே சொன்னீங்க. அங்க சொல்லுங்க. என் பொண்ணு படிச்சுச் சொல்லுவா” என்றார். அவ்வளவுதான். ஒரு சாக்ஸுக்கு ஜோடி கிடைக்காமல் கூடைக்குள் தேட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது: ‘கடந்த டிசம்பரில் ஏற்பட்ட சில தவறான புரிதல்கள் குறித்து வருந்துகிறோம்.’ அடித்தேன். இரண்டாவது: ‘எதிர்பாராத சூழ்நிலையில் கிட்டாருக்குச் சேதம் ஏற்பட்டது.’ அதையும் அடித்தேன். சேதம் தானாக ஏற்படாது, யாராவது செய்ய வேண்டும் என்றேன். மூன்றாவதில் புறாவைக் காணவில்லை. நான்காவதில் என்னைக் காணவில்லை. பெருந்தன்மையாக என்னை விட்டுவிட்டிருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தாகிவிட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியில் குழுவில் போனது இதுதான்: ‘டிசம்பரில் கிட்டாரை உடைத்தவன் நான். புறாவை அடிக்க வீசினேன். மாவ்ஷி மேல் பொய்யாகப் பழி போட்டேன். விசாரிக்காமல் அதை இங்கே எழுதியது என் மனைவி. மாவ்ஷி எதையும் உடைக்கவில்லை.’

இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கட்டடமே அதிரும் என்று எதிர்பார்த்தோம். கும்பிடும் கைகள் சில வந்தன. பறவை ஆர்வலர் ஒருவர் புறாவுக்கு அடிபட்டதா என்று கேட்டார். கேட் வாசலில் நிற்கும் வெள்ளைக் கார் யாருடையது என்று இன்னொருவர். மூன்றாம் மாடிக்காரர், அப்படியானால் அந்த மாவ்ஷி காலையில் வேலைக்குக் கிடைப்பாரா என்று கேட்டார். டிசம்பரில் அவரை நிறுத்திய இரண்டு வீட்டில் அதுவும் ஒன்று.

ஆண்டுவிழாவில் நான்கு பேரும் மேடையேறினார்கள். தலைவர் மைக்கை வாய்க்குள் வைத்துப் பாடியதில் கிட்டார் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஆகவே நிகழ்ச்சி வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். ஒட்டிய இடம் இரண்டும் தாங்கின. ஐந்து சில்லில் நான்கு என் கையால் நேராக வைத்தது. ஐந்தாவது கோணல். கார்டைப் பார்த்த பிறகு வைத்தது அது.

ஜூன் மாதம், முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், காப்பகத்தின் வாசலைத் தாண்டிப் போகும்போது மாவ்ஷி என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். மூன்றாம் மாடி வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்ததாம், வேலைக்கு வரச்சொல்லி.

“என்ன சொன்னீங்க?”

“யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். போகமாட்டேன், வஹினி. ஆனா யோசிச்சுச் சொல்றேன்னு சொல்ல நல்லா இருந்துச்சு.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். எனக்காகச் சிரித்தாரா, மூன்றாம் மாடியை நினைத்துச் சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் கிளம்பத் திரும்பியபோது பின்னாலிருந்து கேட்டார்.

“ஸாஹேப்போட கிட்டார் சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு. தினமும் வாசிக்கிறார்.”

“அரே தேவா” என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார் மாவ்ஷி.